காத்து எங்க பக்கம் அடிக்குது

இல்ல தம்பி, அந்த ட்ரோன் கொஞ்ச நேரம் கீழயே இருக்கட்டும். உன்னை யாரு திட்டுறா? நீ கூலிக்கு வந்தவன். கம்பெனிக்காரன் ஏசியில உக்காந்துக்கிட்டு மருந்தடிக்க உன்னை அனுப்பியிருக்கான். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தியா? இந்தா, என் துண்டைப் பாரு. எங்க வீட்டைப் பாத்துதான் பறக்குது.

பயப்படாத, கல்லெல்லாம் எடுக்க மாட்டேன். நான் பேச்சாளன். ஒரு மில்லையே இழுத்து மூட வச்ச வாய் இது. இப்ப நான் ஏகபோகம்னு ஆரம்பிச்சா வீட்டுக்காரியே எழுந்து அடுப்படிக்குப் போயிடுறா. அதான் நீ மாட்டிக்கிட்ட.

சிரிக்காதப்பா. போன தடவை நீங்க அடிச்சது வரப்பைத் தாண்டி வந்து எங்க அவரைப் பூவெல்லாம் கருகிடுச்சு. தேனீ கொத்துக்கொத்தா செத்துக் கிடந்துச்சு. உங்க காட்டுல களையெடுத்த பொம்பளைங்களுக்குக் கண்ணு வீங்கி, ஒருத்திக்கு இன்னும் பார்வை தெளியல. அவங்க யாருன்னு நினைக்கிற? இந்த நிலத்துக்காரங்கதான். கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுட்டு, சொந்த மண்ணுலயே கூலிக்குக் குனியுறாங்க. இதுக்கு வளர்ச்சின்னு போர்டு வேற.

என்னது, மருந்தில்லாம விளையாதா? வரப்புக்கு அந்தப் பக்கம் வந்து பாரு. சோளத்துக்கு நடுவுல அவரை, ஓரத்துல செண்டுமல்லி. அசுவினிப் பூச்சியைத் தின்ன பொறிவண்டு தானா வருது. அதுக்குச் சம்பளமும் இல்ல, சங்கமும் இல்ல. உங்க அளவுக்கு விளையாது, ஒத்துக்கிறேன். ஆனா எங்க கிணத்துத் தண்ணியை நாங்க குடிக்கிறோம். உன் முதலாளி இங்க வந்து ஒரு டம்ளர் குடிப்பானா?

எதுக்கு உங்க சோளத்தையே பாக்குறேனா? சும்மாதான். நிக்கவும் முடியல, உக்காரவும் முடியல. முதலாளிக்கு ஒரு போன் போடேன். காத்து சரியில்ல, இன்னிக்கு வேணாம்னு சொல்லேன்.

என்ன சொல்றான்? அடிச்சே ஆகணுமா?

ஏய், ஏய், கிளப்பாத! ரிமோட்டுலேர்ந்து கையை எடு!

பேசியே நிறுத்திடலாம்னு பாத்தேன் தம்பி. என் பேச்சுக்கு எவனும் நிக்க மாட்டான்னு வீட்டுக்காரி காலையிலயே சொல்லிட்டா. அவளும், அந்தக் கண்ணு தெளியாத பொம்பளையும், இன்னும் நாலு பேரும் உங்க சோளத்துக்குள்ளதான் உக்காந்திருக்காங்க. பயிர் ஆள் உயரம் நிக்குது, மேலேர்ந்து பாத்தாலும் தெரியாது. எந்தப் பக்கம்டின்னு கேட்டேன். என்கிட்டயே சொல்லல. நான் உளறிடுவேனாம்.