மேலாளர் முத்துக்கிருஷ்ணனின் வாழிடம்

கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை, ஐயா. டிசம்பர் பிறந்ததுமே தட்டுகளில் கேழ்வரகு விதைத்துவிடுவேன். திருநாளுக்குள் அது வளர்ந்து நிஜ வயல் போல ஆகிவிடும். காகிதத்தைக் கசக்கிச் சாயம் அடித்து நான் செய்த குகையில் பல்லி வந்து குடியேறியிருக்கிறது. போன வருடம் ஆட்களையே நிறுத்தி உயிருள்ள குடில் போட்டோம். சூசையப்பராக நின்ற மிக்கேல்ராஜ், மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தக் கைவேலையைப் பார்த்துத்தான் பைபாஸ் ரோட்டு மீன் காட்சியகத்தில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். எந்த மீன் எப்படிப்பட்ட இடத்தில் வாழுமோ, அதைத் தொட்டிக்குள் உண்டாக்கித் தருவது என் வேலை. குளத்து மீன்களுக்காக எரியோடு ஊர்ப் பக்கம் போய் வண்டல் அள்ளி வந்து ஒரு கண்மாயே செய்தேன். அதில் ஆரால் மீன் விட்டேன். ஆரால் பகலெல்லாம் மண்ணுக்குள் புதைந்து, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேலாளர் முத்துக்கிருஷ்ணன் சாருக்கு அது பிடிக்கவில்லை.

"என்னப்பா இனிகோ, தொட்டி பூரா மண்ணா கெடக்கு. மீனெங்க?"

"உள்ளதான் இருக்கு சார். மூக்கு தெரியுது பாருங்க."

"டிக்கெட் வாங்குனவன் மூக்கப் பாக்கவா வாரான்? அம்புட்டையும் அள்ளி வெளிய போடு."

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வெட்டியவர். ஆனால் மண்ணை அள்ள வைத்தார், கல்லையும் பாசியையும் எடுக்க வைத்தார், எல்லாத் தொட்டியிலும் ஊதா விளக்கு போட்டார். ஆரால் வெறும் கண்ணாடியை மூக்கால் தோண்டியது. மூக்கு புண்ணாகி ஒரு காலையில் மிதந்தது. நான் அழுதேன், ஐயா. "விடுப்பா, வேற வாங்கிக்கலாம்" என்று அவர் என் தோளில் தட்டினார்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் அது தப்பு. கோபக்காரன் வெறும் தொட்டியில் அடைத்திருப்பான். அமேசான் மீனுக்கென்று கட்டி, கசிந்ததால் காலியாகக் கிடந்த பெரிய தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் கதவு, மேலே எட்டாத உயரத்தில் கம்பிவலை, காற்றுக்குக் குறைவில்லை. அதற்குள் மேசை போட்டேன். சுழல் நாற்காலியும் அதன் முதுகில் பூத்துவாலையும் வைத்தேன். நாள்காட்டி, மின்விசிறி, அழைப்பு மணி, பீரோ, பீரோவுக்குப் பின்னால் கழிப்பறை வசதி. பக்கச் சுவரில் ஒரு தேக்குக் கதவு வரைந்தேன், கைப்பிடியின் நிழல் உட்பட. பிறகு, புதுக் காட்சி தயாராகிவிட்டது, பார்த்துச் சொல்லுங்கள் என்று சாரைக் கூப்பிட்டேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார். அப்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் வெளியே வந்து மாங்காய்ப் பூட்டைப் போட்டேன். நம்மூர்ப் பூட்டு, குறை சொல்ல முடியாது.

கண்ணாடியில் விவரப் பலகையும் ஒட்டினேன். 'மேலாளர். வாழிடம்: அலுவலகம். உணவு: இட்லி, பிரியாணி, டீ. இயல்பு: பகலில் அதட்டும்.'

முதல் நாள் கண்ணாடியை அடித்தார், கத்தினார். அவ்வளவு தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தொட்டி மோட்டார்களின் இரைச்சலில், வாய் அசைவதுதான் தெரியும். உயிருள்ள குடில் பார்த்துப் பழகிய ஜனங்கள் இல்லையா, ரசித்தார்கள். "மிக்கேல்ராஜ விட இவரு நல்லா பண்றாருய்யா" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். ஒரு பையன் பதிலுக்குத் தட்டினான். "ஏலே, தட்டாத. அந்த மாமா பயந்துக்கிருவாரு" என்று அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

மறுநாள் சாரின் மனைவி ஆனந்தி தேடிக்கொண்டு வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. நேரே கண்ணாடி முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினேன். பலகையைப் படித்து, 'அதட்டும்' என்ற இடத்தில் தலையாட்டிக்கொண்டார். சார் இரண்டு கைகளையும் வீசி வீசிப் பின்பக்கத்தைக் காட்டினார்.

"போ போங்குறாரு. வேலைன்னு வந்துட்டா வீட்லயும் இப்படித்தாண்ணே வெரட்டுவாரு. ராத்திரியும் இங்கதானா?"

"ஆமாங்க."

"சரி, வேலைய முடிச்சிட்டே வரட்டும். வெஞ்சனம் ஆறுறதுக்குள்ள குடுத்துருங்க."

டிபன் கேரியரைத் தந்துவிட்டுப் போனார். சூடு ஆறுவதற்குள் வலையைத் தூக்கி, கயிற்றில் கட்டி இறக்கினேன்.

சில நாள் கழித்து ஒரு காரியம் நடந்தது. வரைந்த கதவின் இடுக்கை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். காலையிலிருந்து விளக்கு அணைக்கும் வரை அதே வேலை. நகங்கள் பெயர்ந்து, என் ஓவியம் பாழாகிவிட்டது. அது வெறும் சாயம் என்று அவருக்குத் தெரியும், முதல் நாளே தடவிப் பார்த்தவர்தான். பிறகு ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லையே.

அதற்குப் பிறகு அடங்கிவிட்டார். பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார், வழுக்கையின் ஓரம் மட்டும் தெரியும். ஆளே தெரியவில்லை, பீரோவை எடுங்கள் என்று டிக்கெட் வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் எடுக்கவில்லை. அந்த மனசு எனக்கு வராது.

ஆனந்தி மறுபடி வந்தது கேரியரை வாங்கிப்போகத்தான். கண்ணாடி முன்னால் நின்றபோது சார் அவரைப் பார்த்தார், ஆனால் கை வீசி விரட்டவில்லை. அதனால்தான் அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்து ஸ்டேஷனுக்கு உங்களிடம் ஓடி வந்திருக்கிறார்.

நீங்கள் பூட்டை உடைத்து உள்ளே போனபோது நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள், அவர் பீரோவுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கினார். நான் மணியை ஒரு தட்டுத் தட்டினேன். எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். புது ஆளைக் கண்டால் ஒளிவதும் பழகிய கைக்கு வருவதும் இடம் ஒத்துக்கொண்டதற்கு அடையாளம், ஐயா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் அதைப் பயம் என்று நினைத்திருப்பீர்கள்.

ஆம், நான்தான் பூட்டினேன். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொடுமைப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இப்போது ஆஸ்பத்திரியில் அவரை வைத்திருக்கும் அறையைப் பற்றிக் கான்ஸ்டபிள் சொன்னார். வெறும் வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், அவ்வளவுதானாம். ஆள் தூங்குவதே இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. என்னை அரை நாள் அங்கே கூட்டிப் போங்கள், எல்லாவற்றையும் அவருக்குத் தோதாக அமைத்துக் கொடுத்துவிடுகிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஒரு பக்கச் சுவரை மட்டும் இடித்துவிட்டுக் கண்ணாடி வைக்க வேண்டியிருக்கும்.