ஆல்டர் பள்ளிக்குக் குறைந்த ஒரு மதிப்பெண்

கை கழுவ இருபது விநாடி ஆக வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகள் ஏழு விநாடியில் முடித்துக்கொண்டு ஈரக் கையைச் சட்டையில் துடைப்பார்கள். ஒன்பது ஆண்டுகளாக நான் அதை எண்ணிவருகிறேன், சார். சிரிக்காதீர்கள், அதுவும் ஒரு வேலைதான்.

கொலம்பஸ் நகருக்கு வெளியே எங்கள் பள்ளி மாவட்டத்தில் நான்கு அரசுப் பாலர் பள்ளிகள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம் மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டு, நான்கையும் ஒப்பிட்டு அறிக்கை தருவேன். இங்கே வீடு வாங்க வருகிறவர்கள் குளியலறையைப் பார்ப்பதற்கு முன் என் பட்டியலைப் பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது நான் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, கீழே விழுந்த பென்சிலைக்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. "மூலையில இருக்கிற மிஸ் பேசமாட்டாங்க, அவங்களையும் ஒரு நாற்காலின்னு நினைச்சுக்கோங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவைப்பார்கள்.

ஆல்டர் பள்ளிதான் எப்போதும் முதலிடம். தலைமையாசிரியை லோர்னா ஹாஸ்கெல். அவளை நான் வெறுக்கிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் மகன் ரீட் அங்கே ஆறு வாரம் படித்தான். இரண்டு பிள்ளைகளைக் கடித்தான், ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டான். லோர்னா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

"க்வென், உங்க பையன் இந்த இடத்துக்குத் தோதுப்படல. அவன் ஒருத்தனுக்காக மத்த பதினேழு பிள்ளைங்களை நான் பலி குடுக்க முடியாது. நாளையிலேருந்து அனுப்பாதீங்க."

அவனுடைய மாற்று உடுப்பையும் பெயர் எழுதிய வண்ணப் பென்சில்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் திணித்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம், ரீட் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, சார். நான் இந்த வேலைக்குப் படித்ததே அதற்குப் பிறகுதான்.

ஆனாலும் ஒரு மதிப்பெண்கூட நான் பொய்யாகப் போட்டதில்லை. போன ஆண்டு, எந்தெந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது என்ற படப் பட்டியலை ஆல்டரில் சிற்றுண்டி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார்கள். பிற பெற்றோர் கண்ணில் அது படக் கூடாது என்பது விதி. ஒரு மதிப்பெண் குறைத்தேன். ஆல்டர் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

லோர்னா தொலைபேசியில் கத்தினாள். "ஒத்தைக் காகிதத்துக்காக எங்களை ரெண்டாவது ஆக்கிட்டீங்களே. பழசை மனசுல வச்சுக்கிட்டுத்தானே இப்படிப் பண்றீங்க?"

"விதி, லோர்னா. நான் என்ன செய்ய?"

அந்த வாரமே பட்டியல் அலமாரிக் கதவின் உட்புறத்துக்குப் போய்விட்டது. முதலிடம் போனால் இந்த ஊரில் யாருக்கும் தூக்கம் வராது.

இந்த மார்ச் மாதம் நான் போன அன்று உதவி ஆசிரியைக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாகப் பெக்கி என்ற பெண் வந்திருந்தார். அங்கே அவருக்கு அதுதான் முதல் நாள். "வாங்க வாங்க. இன்னிக்கு மூக்கு ஒழுகினாக்கூட மார்க்கு போயிடும், பசங்களா, உறிஞ்சிக்கோங்க" என்றார். நல்ல மனுஷி. துப்புரவு மருந்துகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்க்க நான் அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்புறத்தில் ஐவி என்ற பெண் குழந்தையின் படம். எள் ஆகாது, உயிருக்கு ஆபத்து. கீழே சிவப்புப் பையில் அவசர ஊசி. பெக்கியிடம் யாரும் இதைக் காட்டவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

பத்தேகாலுக்குச் சிற்றுண்டி. வகுப்பு ஆசிரியை, உடுப்பை நனைத்துக்கொண்ட ஒரு பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போயிருந்தார். பெக்கி கேரட்டும் ஹம்மஸும் பரிமாறினார். ஹம்மஸ் என்ற அந்த விழுதில் எள்ளை அரைத்துச் சேர்ப்பார்கள்.

"இதை நான் சாப்பிடலாமா?" என்று ஐவி கேட்டாள்.

"வேர்க்கடலை இல்ல, முந்திரி இல்ல, பாதாம் இல்ல. பயப்படாம சாப்பிடுடா செல்லம்."

எங்கள் ஊரில் எல்லாருக்கும் கடலைமேல்தான் பயம். எள்ளை யாரும் நினைப்பதில்லை. ஐவி உடனே சாப்பிடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தாளில் எழுதினேன்: 10:17, கை கழுவல், சராசரி எட்டு விநாடி.

10:19க்குக் கேரட்டை அதில் தோய்த்துக் கடித்தாள். 10:22க்கு உதட்டைச் சொறிந்தாள். 10:24க்குப் பெக்கி அலறினார். ஊசி எங்கே என்று அவருக்குத் தெரியாது. 10:33க்குத்தான் போட்டார்கள். எல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது, தாள் உங்கள் விசாரணைக் கோப்பில் இருக்கிறது. ஐவி மருத்துவமனையில் அந்த வாரம் வியாழக்கிழமை மாலை வரை உயிரோடு இருந்தாள்.

பேசக் கூடாது என்ற விதியால்தான் சும்மா இருந்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. பிள்ளைக்கு ஆபத்து என்றால் பேனாவை வைத்துவிட்டுப் பேச வேண்டும் என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. புதியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஒரு வார்த்தை போதும். வேண்டுமென்றே சொல்லவில்லை. லோர்னா அதே வாசலில், பெற்றோர் பார்க்க, தன் சாமான்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று விரும்பினேன். நின்றாள். எதிர்ப்பக்கம் காரை நிறுத்திவிட்டுக் கண்குளிரப் பார்த்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் ரீடிடம் சொன்னேன். லோர்னா ஹாஸ்கெலை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று.

"யாரும்மா அது?" என்றான்.

அப்போது சின்ன வயது, மறந்துவிட்டான். பிள்ளைகளுக்காக இதையெல்லாம் தாய்தான் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.