பதினெட்டு வீட்டுக்கு ஒரு முகப்பு

ஓட்டுக் கூரை போட்ட வீடு பார்க்க அழகாகத்தான் இருக்கும் ஐயா. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. குரங்கணிச் சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புக் கூரை தெரிந்தால் மனம் குளிரும். விதி எழுதியவர்களும் அந்த அழகை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள்.

என் பெயர் லிங்கேஸ்வரன். போடியில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பவன். இருபத்திரண்டு வருடத் தொழில். மலையோர ஊர்களில் புது வீட்டின் வெளித்தோற்றம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். சாலையிலிருந்து பார்த்தால் சாய்வான ஓட்டுக் கூரை தெரிய வேண்டும். சுவர் கண்ணை உறுத்தாத நிறத்தில் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் அலுவலர் வந்து, வீட்டுக்காரரை வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார். படம் சரியாக இருந்தால்தான் சான்று கிடைக்கும். சான்று இருந்தால்தான் கரண்டு வரும்.

சரிவில் குடியிருப்பவர்களுக்குச் சமதளம் என்று ஒன்று இருந்தால் அது மொட்டை மாடிதான். காப்பிக் கொட்டையும் மிளகும் அங்கேதான் காய வேண்டும். அதனால் எல்லோரும் மொட்டை மாடி போட்டே கட்டினார்கள். கட்டிவிட்டு, விளக்கில்லாத வீட்டிலிருந்து என்னிடம் வந்து அழுதார்கள். என்னால் தாங்க முடியவில்லை. வெள்ளிதோறும் முருகன் கோயிலுக்குப் போகிறவன் நான். கையில் செய்யக்கூடிய உதவி இருந்தும் செய்யாமல் இருப்பது பாவம் என்று நினைப்பவன்.

என் கொட்டகையில் இரும்புச் சட்டம் அடித்து, ஓடு மாதிரி அச்சிட்ட தகடு பொருத்தி ஒரு முகப்பு செய்தேன். ஒன்பதடி நீளத்தில் இரண்டு துண்டுகள். மாடிச் சுவரின் மேல் சாய்த்து நிறுத்திப் பின்னால் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டால், சாலையிலிருந்து பார்க்கிறவருக்கு அசல் ஓட்டு வீடுதான். படம் எடுத்ததும் கழற்றி என் ஜீப்பில் ஏற்றிக்கொள்வேன். ஒரு முனையைத் தூக்கி ஜீப்பின் பின்பக்கத்தில் வைத்து மறுமுனையைத் தள்ளினால் ஏறிவிடும். தனியாளாகவே பழகிவிட்டேன். யாரிடமும் இதற்காக ஒரு பைசா வாங்கியதில்லை. பதினாறு வீடுகளில் இதனால் விளக்கு எரிகிறது.

பதினேழாவது வீடு மகாராணியுடையது. அவள் கணவர் தவசி எல்லை தாண்டி ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார். பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை மதியம் படம் எடுத்தார்கள். மகாராணி நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அலுவலர் போன பிறகு சாலைக்கு இறங்கி நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்குப் பவுடர் பூசுன மாதிரில்ல இருக்குண்ணே, எங்க வீடு" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணே, நாளைக்குக் காலைல அவுக வர்றாக. ஒரே ஒரு தடவ ஓட்டு வீட்டப் பாத்துக்கிறட்டுமே. அதுக்கப்புறம் கொண்டுபோங்க."

மறுநாள் பதினோரு மணிக்குக் கீழே மொக்கம்மாள் வீட்டில் படம். மொக்கம்மாள் புருஷனை இழந்தவள், கேட்க ஆளில்லாதவள். ஆனாலும் மகாராணி கேட்டது சின்ன ஆசை. சரி என்றேன். அவள் போட்டுக் கொடுத்த டீயில் ஏலக்காய் தாராளமாக இருந்தது. சின்னச் சின்ன அன்புகளால்தான் உலகம் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு கீழே இறங்கினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் போனேன். காற்று ஒரு துண்டைத் தள்ளியிருந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த மகாராணி அதன் அடியில் கிடந்தாள். வாளி கவிழ்ந்து கிடந்தது.

காற்று என்று சொன்னேன். அது முழுவதும் சரியில்லை ஐயா. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு கம்பிகள். மறுநாள் சோலி வெரசா முடியட்டும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒவ்வொன்றிலும் மூன்றை அவிழ்த்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன். ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்தவன்.

தகட்டைத் தூக்கி நகர்த்தினேன். அவளுக்கு நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. மூச்சு சிரமப்பட்டது. "வந்துட்டீகளாண்ணே" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய்த் தலையணை எடுத்து வந்து தலைக்கு வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பனியாக இருந்ததால் போர்வை போர்த்திவிட்டேன்.

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் முத்துப்பேச்சி வீடு இருந்தது. நான் கூப்பிடவில்லை.

நீங்கள் என் நிலையில் இருந்து யோசித்துப் பார்க்க வேண்டும். ஆள் கூடினால் முகப்பைப் பார்ப்பார்கள். காவல் வரும், அலுவலகம் வரும். பதினாறு வீட்டுச் சான்றும் ரத்தாகும். எல்லோரும் ஏழைகள், பிள்ளைகுட்டிக்காரர்கள். ஜீப்பிலோ இடம் அளவுதான். முகப்பை ஏற்றினால் ஓர் ஆளைப் படுக்க வைக்க முடியாது. ஆளைப் படுக்க வைத்தால் முகப்பை ஏற்ற முடியாது.

நான் முகப்பை ஏற்றினேன்.

விழாமல் நின்ற இன்னொரு துண்டையும் மாடிக்கு ஏறிக் கழற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பத்து நிமிடம் ஆனது. கழற்றும்போது மேலிருந்து அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் இருந்தேன், பயப்படாமல் இருக்கட்டும் என்று. "இந்தா வந்துட்டேன் ஆத்தா" என்றேன். அவள் கேட்டுக்கொண்டு கிடந்தாள். எல்லாம் கட்டி முடித்து, இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொன்னபோது அவள் தலையை லேசாக ஆட்டினாள்.

"பாத்துப் போங்கண்ணே. ரோடு ஈரமாக் கெடக்கு" என்றாள்.

மொக்கம்மாள் வீட்டுப் பின்பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. மகாராணியை ஜீப்பில் படுக்க வைத்து, குலுங்காமல் மெதுவாகத்தான் ஓட்டினேன். அடிவாரம் தாண்டுவதற்கு முன் மூச்சு நின்றுவிட்டது. மாடியில் தேங்கிய தண்ணீரைத் தள்ளும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். உங்கள் ஏட்டு அதை அப்படியே எழுதினார். அவர்மேல் தப்பில்லை.

பதினோரு மணிக்கு மொக்கம்மாள் வீட்டில் படம் எடுத்தார்கள். நான் போயிருந்தேன். தகட்டின் ஓரத்தை முன்பே கழுவிவிட்டேன். அன்றைக்கு எட்டுக் கம்பியையும் இறுக்கிக் கட்டினேன்.

தவசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளை அள்ளிக்கொண்டு ஓடியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை என்றார். மூன்றாம் நாள் அவர் வாசலில் நின்று, மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம போன்ல பேசுனாண்ணே. நம்ம வீடு ஓட்டு வீடாட்டம் நிக்கிது, வெரசா வந்து பாருங்கன்னா. எங்கண்ணே அது?"

வெள்ளிக்கிழமை மதியமே கழற்றிக்கொண்டு போய்விட்டேன் என்றேன்.

 அவர் சிரிக்கப் பார்த்தார். "அப்ப வெளாட்டுக்குச் சொல்லியிருக்கா, கழுத" என்றார்.

அவள் பொய் சொன்னதே இல்லை ஐயா. கடைசியாக அவள் புருஷனிடம் சந்தோஷமாகச் சொன்ன ஒன்றையும் நான் பொய்யாக்கிவிட்டேன். அதற்குப் பிறகு கோயிலில் என்னால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் ரோடு ஈரமாகக் கிடக்கிறது என்கிறாள். வண்டியில் கிடக்க வேண்டியவள், வண்டி ஓட்டுகிறவனுக்காகக் கவலைப்பட்டாள். இத்தனை வருடம் நான் அன்பு என்று நினைத்துச் செய்ததையெல்லாம் அந்த ஒரு சொல்லோடு வைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாகவே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கம்பியை அவிழ்த்தது நான். அவளை விட்டுவிட்டு முகப்பை ஏற்றியது நான். ஒரு மணி நேரம் முன்பே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். பிழைத்திருப்பாள் என்றார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தவசியிடம், மகாராணி சொன்னது நிஜம் என்று மட்டும் யாராவது சொல்லிவிடுங்கள்.

முகப்பு என் கொட்டகையில்தான் இருக்கிறது. நீங்கள் அதைக் கைப்பற்ற வேண்டியிருக்கும் என்று தெரியும். புதன்கிழமை சீனிச்சாமி வீட்டுக்குப் படம் எடுக்க வருகிறார்கள். நான்கு பிள்ளைகள், ஒன்றரை வருடமாக மண்ணெண்ணெய் விளக்கு. வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொண்டீர்களானால் ஒரு சின்ன உதவியாக இருக்கும்.