எட்டாவது நட்டு

சக்கரத்தைத் தாங்கும் இரும்பின் மூட்டில் செருகியிருக்கும் பழைய ரப்பர் புஷ்ஷை வெளியே எடுக்கப் பொறுமை வேண்டும். அவசரக்காரர்கள் தீயைக் காட்டி எடுப்பார்கள். பட்டறை முழுக்கப் புகையும் நாற்றமும்தான் மிஞ்சும். நான் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் மெதுவாக அழுத்தி எடுப்பேன். என் கையில் எதுவும் கிழிந்து வந்ததில்லை. நேற்று நீங்கள் என் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா வேலை செய்றவர் கை வச்ச வண்டியா இப்படி ஆச்சு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி அதைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் விட்டுப்போன படிவத்தில் பதிலுக்கு மூன்று வரி இடம் இருக்கிறது. எனக்கு அது போதாது என்பதால் தனித்தாளில் எழுதுகிறேன்.

வண்டி என்னுடையது. இருபத்தெட்டு வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்க ஒரு ஆள் போதும், திரும்ப விரிக்க இரண்டு பேர் வேண்டும். பழைய விமானத் தளத்தில் ஞாயிறுதோறும் நாம் ஓட்டுகிற பந்தயங்களுக்காகவே அதை வாங்கினேன். நம் கிளப்பில் யாருக்கும் பந்தயம் பிழைப்பில்லை. பல் டாக்டர் வருகிறார், பள்ளி வேன் ஓட்டுகிறவர் வருகிறார், தோற்றாலும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் போனேன். முகத்தில்.

இரண்டு வருடம் ஓட்டினேன். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் முப்பத்தொரு வினாடி. அதற்குக் கீழே என்னால் இறங்கவே முடியவில்லை. யார் கேட்டாலும் சஸ்பென்ஷன் சரியில்லை என்பேன். ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது, ஸ்பிரிங் அமுங்கிவிட்டது, புஷ் எல்லாம் வெடித்துக் கிடக்கிறது, இதை வைத்துக்கொண்டு யார்தான் ஓட்டுவார்கள் என்பேன். சொன்னதெல்லாம் பொய்யில்லை. ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அந்தக் கூடம் இரண்டு வருடம் கை கொடுத்தது.

பிறகு கூடத்தை நிமிர்த்தினேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். ஆறு மாதம் நானும் என் தம்பியும் சேர்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். குமிழைத் திருகி இறுக்கமோ தளர்வோ வைத்துக்கொள்ளக்கூடிய ஷாக், கெட்டியான ஸ்பிரிங், புது புஷ், புது போல்ட்டு. தம்பி என்னைவிட ஏழு வயது சின்னவன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற வேலை. தலைமுடி கனம்கூட இல்லாத பிசகை விரலால் தடவியே சொல்லிவிடுவான். அந்த விரல்களை நீங்கள் பார்த்ததில்லை. இப்போது இருக்கிறதைத்தான் பார்த்தீர்கள்.

வேலை முடிந்து முதல் ஞாயிறு நான் ஓட்டினேன். ஒரு நிமிடம் முப்பத்தொன்றரை. அரை வினாடி கூடியிருந்தது. கடிகாரம் பிடிக்கிறவர் இரண்டாம் முறை பார்த்துவிட்டுத் தாளில் குறித்துக்கொண்டார். அப்போது தம்பி வந்து, "நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமாண்ணா? சும்மா ஆசைக்கு" என்றான். போடா என்றேன். ஒரு நிமிடம் இருபத்தைந்தில் வந்து நின்றான். வண்டியை விட்டு இறங்கும்போது சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் திணறினான். அவ்வளவுதான் அவனுக்கு இருந்த அனுபவம்.

கடிகாரக்காரர் என் தோளில் கை போட்டு, "அப்ப வண்டியில குறையே இல்லண்ணே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, என் வேலையைப் பாராட்டினார். தம்பி அதைவிட மோசம். "எல்லாம் அண்ணன் போட்ட ஸ்பிரிங் சார், நான் என்ன பண்ணேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் கொஞ்சம் திமிராகப் பேசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன் என்று இன்றும் தோன்றுகிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, அவன் திமிராகப் பேசாததையும் ஒரு குற்றமாக எழுதுகிறேனே என்று.

அன்றைக்கே நான், இனிமேல் நீயே ஓட்டு, எனக்கு இடுப்பு வலி என்று சொல்லிவிட்டேன். பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். தம்பி மனைவி எனக்காக ஒரு வலி நிவாரணத் தைலம்கூட வாங்கி வந்தாள். எனக்கு இடுப்பு வலி இல்லை. தைலத்தை அவள் எதிரிலேயே தேய்த்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் மூன்று முறை, பந்தயத்துக்கு முன்னால், பின்பக்க ஷாக்கின் குமிழை யாரும் பார்க்காமல் திருகி வைத்தேன். திருகினால் வண்டியின் வால் வளைவில் ஆடும், ஓட்டுகிறவன் பயந்து மெதுவாகப் போவான். தம்பி பயப்படவில்லை. "இன்னைக்குப் பின்னாடி கொஞ்சம் ஆடுதுண்ணா, ஆனா ஜாலியா இருக்கு" என்றான். நேரம் குறைந்துகொண்டேதான் வந்தது. இருபத்தைந்து, இருபத்தைந்துக்குக் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் கீழே. என் முப்பத்தொன்றைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாமலிருப்பது எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

இப்போது நட்டு விஷயம். நீங்கள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே, அதை வண்டியோடு பிணைக்கிற இரும்புக் கையாக ஒரு ஆர்ம், ஒவ்வொரு ஆர்முக்கும் இரண்டு போல்ட்டு, ஆக மொத்தம் எட்டு. அதன் நட்டுகளுக்குள் ஒரு நைலான் வளையம் இருக்கும். ஒருமுறை கழற்றினால் அதன் பிடிப்பு போய்விடும், புதிதுதான் போட வேண்டும். தவிர, வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது இவற்றை முழுசாக முடுக்கக் கூடாது; முடுக்கினால் உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். கையால் நட்டைச் சுற்றிவிட்டு, வண்டியைப் பட்டறைத் தரையில் உள்ள குழிக்கு மேலே அதன் சக்கரங்களிலேயே நிறுத்தி, குழிக்குள் இறங்கி முடுக்க வேண்டும். நாங்கள் இருவரும் இறங்குவோம். தம்பி அளவு ஸ்பானரால் முடுக்குவான். சரியான இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். அவன் "ஆச்சு" என்பான். நான் மஞ்சள் பேனாவால் நட்டின் மேலும் இரும்பின் மேலும் சேர்த்து ஒரு கோடு போடுவேன். "ஆச்சு" கேட்காமல் கோடு இல்லை, கோடு இல்லாமல் வண்டி வெளியே போகாது. இந்தக் கோட்டுக்காகத்தான் கிளப்பில் என்னைக் கோட்டண்ணன் என்கிறார்கள். என் கோட்டைப் பார்த்துவிட்டால் உங்கள் ஆட்கள்கூட ஸ்பானரை எடுப்பதில்லை. அன்றும் எடுக்கவில்லை.

விபத்துக்கு முந்தின சனிக்கிழமை எட்டையும் திரும்ப முடுக்க வேண்டியிருந்தது. புது புஷ் கிறீச்சிடுகிறது, கழற்றி கிரீஸ் வைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஏழு நட்டு முடிந்தது. தம்பியின் போன் மேலே மேசையில் அடித்தது. குழிக்குள் சிக்னல் கிடைக்காது, அதனால் மேலேயே வைத்துவிடுவான். ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிப்போனான். மனைவிதான், சாப்பிட வரச் சொல்லி. ஐந்து நிமிடம் பேசினான். திரும்பி வந்து குழியின் விளிம்பில் குந்தி, "எங்க விட்டேண்ணா?" என்றான்.

"எல்லாம் முடிஞ்சுதுடா. எட்டும் ஆச்சு."

அவன் குனிந்து பார்த்தான். எட்டு மஞ்சள் கோடு இருந்தது. பந்தயச் சோதனைத் தாளில் முடுக்கியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். இருவரும் சாப்பிடப் போனோம்.

ஒரு நொடி புத்தி கெட்டு, எட்டாவதை முடுக்காமலே கோடு போட்டுவிட்டேன் என்று இதை முடித்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள் எனக்கு நானே அப்படித்தான் முடித்து வைத்திருந்தேன். ஆனால் அந்த நட்டு ஏன் பழையது என்று நீங்கள் கேட்டீர்கள். முந்தின நாளே பழையதைப் போட்டு வைத்திருந்தேன், வலது பின் சக்கரத்தில். புதியது என் சட்டைப்பையில் இருந்தது. சனிக்கிழமை காலையில் தம்பி மனைவியைக் கூப்பிட்டு, "ஒரு மணிக்கு அவனுக்குப் போன் பண்ணும்மா, இல்லேன்னா சாப்பாட்டையே மறந்துடுவான்" என்றதும் நான்தான். அவள், "நீங்க இருக்கீங்களே மாமா, எனக்கென்ன கவலை" என்றாள்.

அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டிருந்தேன். போல்ட்டு தளர்ந்தால் சத்தம் வரும், சத்தம் கேட்டால் ஓரம் கட்டுவான், முடுக்கியவன் அவன் என்று தாளில் இருக்கிறது, இனி நீ வண்டியைத் தொடாதே என்று நான் அண்ணனாகச் சொல்லிவிடலாம். நல்ல கணக்கு. ஆனால் என் தம்பி சத்தத்துக்கு நிற்கமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். போன மாதம்தான் பல் டாக்டரிடம் அவன், "சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும் சார், எங்கண்ணன் கோடு போட்டது கழலாது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஞாயிறு அன்று கடிகாரத்தை நானே வாங்கிப் பிடித்துக்கொண்டேன். நான்காவது சுற்றில் வண்டியின் பின்னாலிருந்து தட்டுகிற சத்தம் என் காதுக்குத் தெளிவாகவே கேட்டது. கொடி காட்டுகிறவர் என்னிடமிருந்து இரண்டு எட்டு வைக்கிற தூரத்தில் நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிவப்புக் கொடி ஏறியிருக்கும். நான் நேரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் இருபத்து நான்கு. சத்தத்தோடும் இருபத்து நான்கு. நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது சுற்றிலும் திறக்கவில்லை. ஆறாவதில், இடது பக்கம் திரும்புகிற அந்த நீண்ட வளைவில், வலது பின் சக்கரம் உள்ளே மடங்கியது. வண்டி இரண்டு முறை உருண்டு டயர் அடுக்கில் போய் விழுந்தது. நான்தான் முதலில் ஓடினேன் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது உண்மை. ஆனால் ஓடுவதற்கு முன்னால் என் கட்டைவிரல் கடிகாரத்தை நிறுத்தியது.

இடுப்பெலும்பு சேர்ந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் இல்லை, மிச்சம் மூன்றும் மடங்குவதில்லை. லென்ஸ் வேலை இனி இல்லை. அது போகட்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நட்டை விட்டது தான்தான் என்று அவன் நம்புகிறான். பழைய நட்டு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டபோது, "நான்தான் கை மாத்தி எடுத்திருப்பேன் சார்" என்று உங்களிடம் சொன்னானே, அது எனக்காகச் சொன்ன பொய் இல்லை. மெய்யாகவே அப்படி நினைக்கிறான். தண்ணீர்க் குழாயை மூடினேனா என்று ஒரு மணி நேரத்தில் நான்கு முறை மனைவியைக் கேட்கிறான். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டியது நிஜமா என்று மகளை விட்டு இழுத்துப் பார்க்கச் சொல்கிறான். அவன் விரலை நான் இரும்பில் நசுக்கினேன். அவன் மனதை ஒரு பேனாவால் நசுக்கியிருக்கிறேன்.

ஆகவே நீங்கள் கொண்டுவந்த தாளில், கவனக்குறைவுக்காகக் கிளப்பிலிருந்து நீக்கப்படுகிறவர் என்ற இடத்தில் அவன் பெயரை அடித்துவிடுங்கள். அவன் ஏழு நட்டை முடுக்கினான், ஏழும் கடைசிவரை பிடித்து நின்றன. எட்டாவதை அவன் தொடவே இல்லை. இந்தத் தாளை முதலில் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள், போலீசுக்குப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். நானே படித்துக் காட்டியிருக்க வேண்டும். எனக்குத் துணிவில்லை.

நேற்று நீங்கள் போன பிறகு தம்பி வீட்டுக்குப் போனேன்; அவன் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், பாதி சட்டையில் சிந்தியிருந்தது. துடைத்து விட்டேன். "டக்குன்னு சத்தம் கேக்காமலே ஆச்சுன்னு சொல்லிருக்கேண்ணா" என்றான். "உன் வண்டிய நாசம் பண்ணிட்டேன். எத்தனை வருசம் பாத்துப் பாத்துச் செஞ்சே. மன்னிச்சிருண்ணா." சொல்லிவிட்டு அழுதான்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. நான் அவன் தலையைத் தடவி, "விடுடா, மன்னிச்சிட்டேன்" என்றேன். வீட்டுக்கு வந்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். விடிந்துவிட்டது, இன்னும் அந்த இடத்தைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை. ஏனென்றால் ஒப்புக்குச் சொன்ன வார்த்தை இல்லை அது. அவன் அழுததைப் பார்த்து என் நெஞ்சு லேசாகி, நான் மனதாரத்தான் அவனை மன்னித்தேன்.