நடுச்சுவருக்கு இந்தப் பக்கம்

டிசைனர்: ...அப்போ பழைய குறுக்குச் சுவரை எடுத்துட்டா, இந்தப் புதுச் சுவர் இங்கேருந்து கிளம்பி நேரா பின் ஜன்னல் வரைக்கும் போகுதுங்க. இந்தப் பக்கம் பெரியக்கா சமையலறை. அந்தப் பக்கம் சின்னக்கா சமையலறை.

பெரியவள்: ஜன்னல் யாருக்கு?

டிசைனர்: ஜன்னல்... சுவர் வந்து சரியா அதோட நடுவுலதான் முட்டுது.

சின்னவள்: ஆளுக்கு ஒரு கதவா? காத்தும் பாதிப் பாதியா வரும்னு எழுதிக் கொடுப்பீங்களா தம்பி?

பெரியவள்: முழு ஜன்னலையும் அவளுக்கே கொடுத்துடுங்க. வேடிக்கை பார்க்க நேரம் இருக்கிறவங்களுக்குத்தானே ஜன்னல். எனக்கு அடுப்பைப் பார்க்கவே நேரம் சரியா இருக்கு.

சின்னவள்: வேண்டாம் தம்பி, அவங்களுக்கே கொடுங்க. புகை போக வழி வேணும்ல... அடுப்புப் புகையைத்தான் சொன்னேன்.

பெரியவள்: கேட்டுக்கிட்டீங்களா? என் வாயிலேருந்து புகை வருதாம்.

டிசைனர்: தப்பா நினைக்காதீங்க... நீங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்களா?

பெரியவள்: கடவுள் புண்ணியத்துல இல்லை. ஓரகத்திங்க. அண்ணனை நான் கட்டிக்கிட்டேன். தம்பியை இவ கட்டிக்கிட்டா.

சின்னவள்: கட்டிக்கிட்டதோட விட்டிருக்கலாம். ஒரே வீட்டுல குடியும் வெச்சாங்க.

டிசைனர்: சாருங்க ரெண்டு பேரும் அதைத்தான் சொன்னாங்க. கடைசி வரைக்கும் இருக்கப் போற வீடு, இன்னொரு தடவை இடிச்சுக் கட்ட மாட்டோம், ஒரே தடவையில சரியா செஞ்சிடணும்னு.

பெரியவள்: ஆமாம், தூக்கிட்டுப் போற வரைக்கும் இங்கதான். அதனால சுவர் கெட்டியா இருக்கணும்னு கேட்டிருப்பாரே உங்க பெரிய சார்?

டிசைனர்: முக்காலடிக் கனம் போடச் சொன்னார். இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் கேக்கக் கூடாதாம்.

சின்னவள்: எந்தப் பக்கத்துச் சத்தம்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க. கட்டினவராச்சே.

டிசைனர்: மேடை உயரம் குறிச்சுக்கலாமா? நாளைக்குக் கொத்தனார் வந்துடுவார். முதல் வேலை சுவர்தான். அப்புறம் எதையும் மாத்த முடியாது.

பெரியவள்: எனக்கு இடுப்புக்கு மேல வர்ற மாதிரி வைங்க. இத்தனை வருஷம் குனிஞ்சு குனிஞ்சு நறுக்கி முதுகு போயாச்சு. அவளுக்கு எந்த உயரம் வெச்சாலும் சரிதான். பையை வைக்கப் போறா, எடுக்கப் போறா.

சின்னவள்: எனக்கு ஒரு நாற்காலி உயரம் போதும் தம்பி. உட்கார்ந்துக்கிட்டே எல்லாருக்கும் உத்தரவு போடுறது எப்படின்னு பக்கத்துல பார்த்துப் பழகிட்டேன்.

டிசைனர்: சிங்க்?

பெரியவள்: அவளுக்குப் பெரிசா ஒண்ணு வைங்க. போட்டது போட்டபடி ஊறட்டும்.

சின்னவள்: அவங்களுக்குச் சின்னதா வைங்க. எப்படியும் நான் கழுவினதை எடுத்து மறுபடி கழுவத்தான் போறாங்க.

பெரியவள்: ஏன் கழுவறேன்? சோப்பு நுரையோட கவுத்து வெச்சா கழுவாம கும்பிடவா சொல்றே? நேத்து அந்த டம்ளரை மோந்து பார்த்தேன், சாப்பாடே இறங்கலை. இந்த வீட்டுல யாராவது கேட்டீங்களா? யாருக்காவது அக்கறை இருக்கா?

சின்னவள்: கத்தாதீங்க. வாசல் வரைக்கும் கேக்குது.

பெரியவள்: கேக்கட்டும். நல்லா கேக்கட்டும்... கார் எடுத்தாச்சா?

சின்னவள்: எடுத்தாச்சு. மேடைக்குக் கல்லு பார்க்க அண்ணனும் தம்பியும் கிளம்பியாச்சு. இருங்க... தெருமுனை திரும்பிடுச்சு.

பெரியவள்: அப்பாடா. தொண்டையே கிழிஞ்சு போச்சு. தண்ணி கொடுடி.

சின்னவள்: இந்தாங்க. இன்னைக்கு டம்ளர் நல்லா வந்துச்சுக்கா. கடைசியில கொஞ்சம் அழுகை சேர்த்திருக்கலாம்.

பெரியவள்: வர மாட்டேங்குது. வெங்காயம் இல்லாம எனக்கு அழ வராது... தம்பி, படத்துல அந்தச் சுவரை அழிங்க.

டிசைனர்: எந்தச் சுவரை?

பெரியவள்: நடுவுல இருக்கிறதை. ரெண்டு அறையும் சேர்ந்து ஒரே சமையலறை. பெரிசா, நீளமா.

டிசைனர்: அக்கா, நீங்க ரெண்டு பேரும் இப்பதானே...

சின்னவள்: அது அவங்க வெளிய போற வரைக்கும்.

டிசைனர்: எனக்குப் புரியலைங்க.

பெரியவள்: இருக்கிற சமையலறையைப் பார்த்தீங்கல்ல? ஒருத்தி திரும்பணும்னா இன்னொருத்தி வெளிய போகணும். ஃப்ரிட்ஜைத் திறந்தா அடுப்பு மறைஞ்சிடும். பின்னால சும்மா கிடக்கிற அறையை இடிச்சு இதோட சேர்த்துடுங்கன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர்கிட்டேயும் கேட்டோம். தன்மையாத்தான் கேட்டோம்.

சின்னவள்: முடியாதுன்னுட்டாங்க. அங்க ஆளுயரத்துக்குத் திரை வெச்சுப் படம் பார்க்கணுமாம். சாய்ஞ்சுக்கிற நாற்காலி வரைக்கும் பார்த்து வெச்சுட்டாங்க. கால் நீட்டற நாற்காலி.

பெரியவள்: காலை நீட்ட இவங்களுக்கு ஒரு அறை. கால் கடுக்க நிக்க எங்களுக்கு ஒரு சந்து. கெஞ்சினா கிடைக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. அதான் சண்டை போட்டோம்.

டிசைனர்: அவங்களோடயா?

பெரியவள்: அவங்களோட போட்டா எழுந்து வெளிய போயிடுவாங்க தம்பி. எங்களுக்குள்ள போட்டோம். ரெண்டு பொம்பளைங்க அடிச்சுக்கிட்டா அவங்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

சின்னவள்: துணி காயப் போட மாடிக்குப் போவோம்ல, அங்கதான் ஒத்திகை. இன்னைக்கு உப்பு, நாளைக்கு கேஸ் அணைக்காம விட்டது, அதுக்கு மறுநாள் யாரோ என் டப்பாவைத் தொட்டுட்டாங்கன்னு.

பெரியவள்: வசனம் எல்லாம் இவதான். லேப்புல ரத்தம் எடுக்கறவ இல்லையா, எங்க குத்தினா வரும்னு தெரியும்.

டிசைனர்: பெரிய சார் என்கிட்ட கண்ணு கலங்கிப் பேசினாருங்க.

பெரியவள்: எதுக்கு, குடும்பத்துக்கா? திரை போச்சேன்னு கலங்கியிருப்பார். ரெண்டு மாசம் பார்த்தாங்க. ஒரு நாள் ரெண்டு பேரும் வாசல்ல நின்னு குசுகுசுன்னு பேசினாங்க. உள்ள வந்து, தனித்தனியா அடுப்பு வெச்சாத்தான் குடும்பம் ஒண்ணா இருக்கும், பின் அறையைச் சின்னவளுக்குச் சமையலறையா கொடுத்துடலாம்னு இவர் சொல்றார். என்னமோ நாட்டைப் பிரிச்சுக் கொடுக்கிற மாதிரி முகம்.

சின்னவள்: எனக்குச் சிரிப்பு தாங்கலை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டுச் சிரிச்சேன். அழறேன்னு நினைச்சு எங்க வீட்டுக்காரர் கதவைத் தட்டறார்.

டிசைனர்: அது சரி... சுவர் இல்லைன்னா அவங்க கேப்பாங்களே?

பெரியவள்: கேப்பாங்க. அந்த இடத்துல சுவர் எழுப்ப முடியாது, அடியில குழாய் போகுதுன்னு நீங்க சொல்லணும்.

டிசைனர்: போகுதா?

பெரியவள்: போக வைங்க. படிச்ச பிள்ளைதானே.

டிசைனர்: சரி, இருங்க... சுவர் இல்லாம எப்படி வரும்னு போட்டுக் காட்டறேன். ஜன்னலுக்குக் கீழ சிங்க். இந்த ஓரம் முழுக்க மேடை. ஃப்ரிட்ஜ் கதவு பக்கம் போயிடுது, யாரையும் இடிக்காது.

பெரியவள்: பாருடி. அவ்வளவு நீளம். நான் இந்த முனையில தாளிப்பேன், நீ அந்த முனையில நறுக்கு. நடுவுல வேணும்னா நடந்து போய்க் குசலம் விசாரிச்சுக்கலாம். தம்பி, இங்க ஒரு உசரமான ஸ்டூலு போட இடம் விடுங்க. இவ வேலை விட்டு வந்து உட்கார்ந்து ஊர்வம்பு சொல்றதுக்கு. மசாலா டப்பாவுக்குப் பின்னால ஒரு அடுக்கு... என்னடி, பேச்சையே காணோம்?

சின்னவள்: சுவர் இருக்கட்டும் தம்பி.

டிசைனர்: எது?

சின்னவள்: நடுச்சுவர். அழிக்காதீங்க. முதல்ல போட்ட மாதிரியே இருக்கட்டும்.

பெரியவள்: ஏய், அவங்க போயாச்சுடி. வேஷத்தைக் கலைச்சுக்கோ.

சின்னவள்: கலைச்சுட்டுத்தான் பேசறேன்.

பெரியவள்: இந்தக் கூத்தெல்லாம் இதுக்குத்தானே அடிச்சோம்? இப்ப என்ன வந்துச்சு உனக்கு?

சின்னவள்: தட்டுச் சண்டை போட்டோமே, அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்ப என்ன பேசறதா இருந்தோம், ஞாபகம் இருக்கா? நான் தட்டை நகர்த்தறேன். டம்ளர் உருளுது. நீங்க 'கண்ணு எங்க இருக்கு'ன்னு கேக்கணும். அவ்வளவுதான்.

பெரியவள்: கேட்டேனே.

சின்னவள்: கேட்டீங்க. அதுக்கு அப்புறமும் ஒண்ணு சொன்னீங்க.

பெரியவள்: என்ன சொன்னேன்?

சின்னவள்: 'பசிக்கிற நேரம் மட்டும் தெரிஞ்சவளுக்கு அடுப்பு எதுக்கு'ன்னு.

பெரியவள்: அட... ஒரு வேகத்துல வந்திருக்கும். நாடகம்னா முன்ன பின்னத்தான் இருக்கும்.

சின்னவள்: நாடகத்துல அது இல்லைக்கா. நான்தானே எழுதினேன். அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் தலையே நிமிரலை. எனக்கு வாயில வெச்ச சோறு உள்ள போகலை. நீங்க மட்டும் கை கழுவிட்டு வந்து, காதுல வந்து கேக்கறீங்க, இன்னைக்கு எப்படின்னு.

டிசைனர்: நான் வேணா கொஞ்சம் வெளிய...

பெரியவள்: நீங்க உட்காருங்க தம்பி. இவ சும்மா...

சின்னவள்: சும்மா சொன்னதுதானே? அப்ப இன்னொரு தடவை சொல்லுங்க. என்னைப் பார்த்து. இப்பதான் யாரும் இல்லையே, ஒத்திகைன்னு வெச்சுக்கோங்க.

பெரியவள்: எதுக்குடி இப்ப...

சின்னவள்: சொல்லுங்கக்கா.

பெரியவள்: சொல்ல மாட்டேன்.

சின்னவள்: ஏன், மறந்து போச்சா?

பெரியவள்: மறக்கலை.

சின்னவள்: அதான் சொன்னேன். சுவர் இருக்கட்டும். அந்தப் பக்கம் என் அடுப்பு, நான் எரிச்சா எரியுது, இல்லைன்னா இல்லை. என் பசிக்கு நான் ஆச்சு. உங்களுக்கும் பாரம் குறையும்.

பெரியவள்: பாரம்னு நான் சொன்னேனா?

சின்னவள்: சொல்லாம இருந்தீங்க. அது வேற. கல்யாணம் ஆகி வந்த புதுசுல காலையில எழுந்து உள்ள வந்தேன். என்ன சொன்னீங்க? 'நீ போ, உனக்கு நேரமாயிடும், நான் பாத்துக்கிறேன்.' மறுநாள் வந்தேன். 'நீ போ.' லீவு நாள்ல வந்தேன். 'வாரம் பூரா ஓடறே, நீ போய்ப் படு.' இப்படியே சொல்லிச் சொல்லி, ஒரு நாள் எல்லார் எதிரேயும் அடுப்பு எதுக்குன்னு கேட்டா?

பெரியவள்: உனக்கு நேரமாகலையா? ஓட்டமும் நடையுமாத்தானே போவே.

சின்னவள்: எங்க ஓடினேன்? பஸ் வர்றதுக்கு ரொம்ப முன்னாலேயே ஸ்டாப்புல போய் உட்கார்ந்திருப்பேன். பேப்பர்காரருக்கு என்னைத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். வீட்டுல எனக்கு ஒரு வேலையும் இல்லை, நின்னா உங்களுக்கு இடைஞ்சல், வேற எங்க போறது?

பெரியவள்: இதை என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே.

சின்னவள்: நீங்க சொன்னீங்களா?

டிசைனர்: அக்கா... கார் வந்துடுச்சு போல.

பெரியவள்: அதுக்குள்ளயா? கல்லு கிடைக்கலையா அவங்களுக்கு?

டிசைனர்: பர்ஸை மறந்துட்டாராம் பெரிய சார், வாசல்லேருந்து சொல்றார்... சீக்கிரம் சொல்லுங்க. இந்தப் படத்தைத்தான் அவங்ககிட்ட காட்டணும். சுவர் இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?

சின்னவள்: இருக்கட்டும்.

டிசைனர்: பெரியக்கா?

பெரியவள்: இருக்கட்டும் தம்பி. அவ கேக்கற மாதிரியே போட்டுக் கொடுங்க. முக்காலடிக்கே போடுங்க... ஆனா ஏண்டி, நான் போன்னு சொன்னா நீ பாட்டுக்குப் போயிடுறதா? இவ்வளவு வாய் பேசறவ, என்னைக்காவது ஒரு நாள் 'போக மாட்டேன், நகருங்க'ன்னு சொல்லிட்டு வந்து பக்கத்துல நிப்பியான்னு தினமும் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்.