முப்பத்தொன்பதாம் லாக்கர்

— நாலு மணிக்குள்ள வரலேன்னா துளை போட்டுத் திறந்திருப்பாங்க, மிஸ்டர் பரான்கோ. அந்த ஆளு மத்தியானத்துலேருந்து துளைக் கருவியோட வெளியே உக்காந்திருக்கான். உங்க லாக்கர் ஒண்ணுதான் பாக்கி.

— வந்துட்டேன்ல, மிஸ் ஹோவ்லண்ட். குதிரைக்கு லாடம் கழண்டுபோச்சு. பாதி தூரம் அதை நடத்திக் கூட்டிக்கிட்டு வந்தேன். நமக்கென்ன, ரெண்டு பேருக்கும் வயசாச்சு, ஒரே வேகம்தான்.

— மூணு லெட்டர் போட்டோம் உங்களுக்கு.

— மூணும் வந்துது. மூணாவதுதான் புரிஞ்சுது.

— புரியறதுக்கு அதுல என்ன இருக்கு? பாங்க் கணக்கையெல்லாம் முடிக்கிறோம், லாக்கர்ல இருக்கிறதை வந்து எடுத்துக்கங்கன்னு மூணுலயும் அதேதான் அடிச்சேன்.

— நீங்களா அடிச்சீங்க?

— வேற யாரு இருக்கா? பாங்க் திவாலாகி மூடி பதினாறு மாசமா இந்தக் கட்டடத்துல ரெண்டே பேரு. இருக்கிறதை வித்துக் கடனை அடைக்கக் கோர்ட் அனுப்பிச்ச ரிசீவர், அப்புறம் நான். அவர் பிஸ்மார்க்லேருந்து வந்தவர், ஒருத்தரையும் தெரியாது. யாருக்கு எவ்வளவு போச்சுன்னு சொல்ல நான் வேணும். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க, வித்தாச்சு.

— நின்னுக்கறேன். கூண்டு எங்கே? பித்தளைக் கம்பி போட்ட கூண்டுக்குள்ள நின்னு பணம் வாங்குவீங்களே.

— போன வாரம் ஏலத்துல போச்சு. கொல்லர் கோழி அடைக்கன்னு வாங்கிட்டுப் போனார்.

— பதினாலு வருஷம் நீங்க நின்ன இடத்துல கோழியா?

— அதுக்கென்ன? கோழியை யாரும் தெருவுல நிறுத்தித் திட்ட மாட்டாங்க.

— இன்னுமா திட்டறாங்க?

— இப்ப திட்டறது இல்லே. பேசறதே இல்லே. சர்ச்ல நான் உக்கார்ற பெஞ்சுல வேற யாரும் உக்கார்றது இல்லே. மிஸஸ் க்ளெவன் வீட்டுலதான் வாடகைக்கு இருக்கேன், தெரியுமில்லே? எனக்கு மட்டும் அஞ்சரைக்கே தட்டு வச்சுடுவாங்க, மத்தவங்க ஆறு மணிக்கு வரதுக்குள்ள எழுந்துடணும்னு. வாயைத் திறந்து சொன்னதில்லே. நல்ல பொம்பளைதான். அவங்க புருஷன் பணமும் இங்கேதான் இருந்தது.

— மேனேஜர் க்ராண்டலை யாரும் ஒண்ணும் சொல்லலியா?

— அவர் சியாட்டில்ல பொண்ணு வீட்டுல இருக்கார். இருக்கிறவங்களைத்தானே திட்ட முடியும்? உங்க கையெல்லாம் என்ன கறுப்பு?

— கரி. எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்து அடுப்புக்குக் குளிர்காலம் பூரா நான்தான் நிலக்கரி வெட்டிக் கொண்டுபோய்ப் போட்டேன். தேச்சாலும் போகலே.

— கூலி குடுக்கறாங்களா?

— அவங்ககிட்ட காசு எங்கே இருக்கு? டீச்சரம்மாவுக்கே மூணு மாசமா சம்பளம் இல்லே. வேற விதமாக் குடுக்கறாங்க.

— முட்டை, உருளைக்கிழங்கா இருக்கும். இப்ப எல்லாருக்கும் அப்படித்தான். இதுல ஒரு கையெழுத்து போடுங்க. உங்களுக்கு வரவேண்டியது எல்லாம் வந்தாச்சு, இனிமே பாக்கி எதுவும் இல்லேன்னு எழுதியிருக்கு.

— எல்லாம் வந்தாச்சா?

— முறைப்படி அப்படித்தான் எழுதணும். அறுநூத்தி நாப்பது டாலர் போட்டிருந்தீங்க. டாலருக்குப் பதினெட்டு சென்ட் வந்துது. அவ்வளவுதான்.

— பன்னியை வித்துப் பணம் போட்டேன், வால் மட்டும் திரும்பி வந்திருக்கு. குடுங்க, போடறேன். அட, உங்களைச் சொல்லலே. ஏன் முகத்தைத் திருப்பிக்கறீங்க?

— அந்தப் பன்னிப் பணத்தை வாங்கினதே நான்தான். தொண்ணூத்திரண்டு டாலர். கடைசி சனிக்கிழமை.

— ஞாபகம் இருக்கு. பாஸ்புக்கைத் திருப்பிக் குடுக்கறப்ப உங்க கை ஜில்லுனு இருந்தது.

— அன்னிக்கு எனக்குத் தெரியும், மிஸ்டர் பரான்கோ.

— என்ன தெரியும்?

— திங்கட்கிழமை திறக்க மாட்டோம்னு. வெள்ளிக்கிழமை சாயந்திரமே க்ராண்டல் கூப்பிட்டுச் சொல்லிட்டார். நாளைக்கு எப்பவும் போல வா, சிரிச்ச முகமா நில்லு, வாயைத் திறந்தே ஜெயிலுக்குப் போவேன்னார். சனிக்கிழமை பூரா என் முதுகுக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். மிஸஸ் ஸ்டென்பெர்க் ஆபரேஷனுக்கு வச்சிருந்த பணத்தைக் கொண்டுவந்து போட்டுட்டு, பத்திரமா இருக்குமா பொண்ணேன்னு கேட்டாங்க. இருக்கும்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

— வேற என்ன சொல்லியிருக்க முடியும்?

— எல்லாருக்கும் சொல்லியிருக்கணும். இல்லே, ஒருத்தருக்குமே சொல்லாம இருந்திருக்கணும். நான் ரெண்டும் செய்யலே.

— அப்படின்னா?

— ஒரே ஒருத்தருக்குத் தெரியப்படுத்தினேன். திங்கட்கிழமை கதவு திறக்காது, இப்பவே எல்லாத்தையும் எடுத்துடுங்கன்னு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லே. நாளைக்கு ஊரை விட்டுப் போறேன், அதனாலதான் சொல்றேன்.

— யாருக்கு?

— பேரு வேண்டாம்.

— எடுத்தாரா?

— எடுக்கலே. தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டார். அதுலேருந்து எனக்கு இதே யோசனை. என்னை நம்பலியா? ஊரே முழுகறப்ப தான் மட்டும் கரையேறக் கூடாதுன்னு நினைச்சாரா? இல்லே, இப்படி ஒரு காரியத்தை நான் செஞ்சது அவருக்கு அசிங்கமாப் பட்டுதா? அதுக்கப்புறம் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை பேசலே.

— நீங்களே போய்க் கேட்டிருக்கலாமே.

— கேட்டா, ஊரையெல்லாம் விட்டுட்டு ஏன் என்னை மட்டும்னு அவர் திருப்பிக் கேப்பார். அதுக்கு என்ன பதில் சொல்றது?

— என்ன பதில்?

— மணி ஆகுது. உங்க சாவியை எடுங்க.

— நாளைக்கு எங்கே போறீங்க?

— மினியாபொலிஸ். தங்கச்சிக்கு நாலு குழந்தைங்க. பாத்துக்க ஆள் வேணுமாம். மாடியில ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கா. ஜன்னல் இல்லே, ஆனா சூடா இருக்கும்னு எழுதியிருக்கா.

— திரும்பி வருவீங்களா?

— எதுக்கு? யாரு எதிர்பார்க்கறாங்க?

— நானும் இந்தப் பதினாறு மாசமா வரலே. அது தப்புதான். பாங்க் மூடின திங்கட்கிழமை வந்தேன், தெரியுமா? கதவுல ஒரு தாள் ஒட்டியிருந்தது. கூட்டம் உங்க பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டிருந்தது. அவங்களோட சேந்து நிக்க முடியலே. எதுத்து ஒரு வார்த்தை பேசவும் வாய் வரலே. அப்படியே வண்டியைத் திருப்பிட்டேன். அப்புறம் எந்த முகத்தோட வரது? வீட்டுல மாடுங்ககிட்ட சொன்னேன், அந்தம்மா மேல தப்பில்லேன்னு. அதுங்க ஒத்துக்கிச்சுங்க.

— மாடுங்களாவது ஒத்துக்கிச்சே.

— சிரிச்சீங்க. அந்தக் கூண்டுக்குள்ள நின்னு சிரிச்சது மாதிரி இல்லே இது.

— சாவி, மிஸ்டர் பரான்கோ. முறைப்படி முதல்ல பாங்க் சாவி. இதோ என்னோடதைத் திருப்பிட்டேன். இப்ப நீங்க.

— இது ஒண்ணுதான் இந்த ஊர்ல எனக்குப் பிடிச்ச ஏற்பாடு. நீங்களும் தனியாத் திறக்க முடியாது, நானும் தனியாத் திறக்க முடியாது.

— இழுங்க. தனி அறையில வச்சுப் பாக்கறதுக்கு இப்ப அறை இல்லே, தடுப்பையும் வித்தாச்சு. அதோட, இருக்கிறதையெல்லாம் நான் பாத்துப் பட்டியல் எழுதணும், ரிசீவர் உத்தரவு. ஒவ்வொண்ணா எடுத்து வைங்க.

— நிலப் பத்திரம்.

— எழுதிட்டேன்.

— இது இந்த நாட்டுக்காரன்னு எனக்குக் குடுத்த தாள்.

— குடியுரிமைத் தாள், ஒண்ணு. அப்புறம்?

— ஒரு துண்டு.

— துண்டா? லாக்கர்லயா? அட, பூவேலை எவ்வளவு நெருக்கமா இருக்கு. செவப்பும் கறுப்பும். யாரு போட்டது?

— எங்கம்மா. நான் கப்பல் ஏறினப்ப குடுத்தாங்க. எங்க ஆளுங்க கல்யாணத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் இதை விரிச்சு இது மேல நிப்பாங்க. எனக்கு இப்ப நாப்பத்தி நாலு. இன்னும் ஒரு அழுக்குப் படலே இதுல.

— பூத்துண்டு, ஒண்ணு. உள்ளே ஏதோ சுத்தியிருக்கீங்களே?

— ஒரு தாள்.

— என்ன தாள்? முறைப்படி அதையும் எழுதணும்.

— இருங்க. பிரிக்கறேன்.

— மிஸ்டர் பரான்கோ? என்ன, அதையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க? உடம்பு சரியில்லையா?

— ஒண்ணுமில்லே. பென்சில். கொஞ்சம் மங்கியிருக்கு. மெதுவாப் பாத்தாத்தான் தெரியுது.

— எங்கே, குடுங்க.

— உங்க கையெழுத்துதான். அந்தச் சனிக்கிழமை பாஸ்புக்குள்ள மடிச்சு வச்சுத் தள்ளினீங்க. நினைவிருக்கா?

— இது இங்கேயா இருக்கு?

— அன்னிக்கே லாக்கரைத் திறக்கணும்னு கேட்டேனே. நீங்கதான் கூட வந்து சாவியைத் திருப்பினீங்க. இதை வைக்கத்தான் கேட்டேன்.

— படிக்கவே இல்லையா நீங்க?

— அன்னிக்கு எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. என் பேரை மட்டும் படம் வரையற மாதிரி வரைவேன்.

— எப்பவும் கையில பேப்பரோடதானே வருவீங்க. வரிசையில நின்னு படிச்சுக்கிட்டிருப்பீங்களே.

— அது வினிபெக்லேருந்து வர உக்ரேனியப் பேப்பர். எங்க எழுத்தே வேற.

— யார்கிட்டயாவது காட்டிக் கேட்டிருக்கலாமே. கடைக்காரர்கிட்ட, பாதிரியார்கிட்ட. அப்பவே, அந்த நிமிஷமே கேட்டிருக்கலாமே.

— ஒரு பொம்பளை, மேனேஜர் கண்ணுல படாம மடிச்சுக் குடுத்திருக்காங்க. அதைக் கொண்டுபோய்க் கடைக்காரன்கிட்ட நீட்டி வாசிடான்னு சொல்றதா? உங்க பேரு என்ன ஆகும்? நமக்கென்ன அவசரம், என்னிக்காவது நானே படிச்சுக்கலாம்னு துண்டுல சுத்திப் பூட்டிட்டேன். எது தொலைஞ்சாலும் லாக்கர்ல வச்சது தொலையாதுன்னு நீங்கதான் சொல்லியிருந்தீங்க.

— என்ன எழுதியிருக்கும்னு நினைச்சீங்க?

— எந்தத் துண்டுல சுத்தி வச்சேன்னு பாத்தீங்கல்ல.

— கடவுளே.

— வாசிங்க, மிஸ் ஹோவ்லண்ட். உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்.

— கண்ணாடி இல்லே.

— மூக்கு மேலதான் இருக்கு.

— மங்கியிருக்குன்னு நீங்களே சொன்னீங்க.

— எழுதினவங்களுக்கு மங்குமா?

— சரி. வாசிக்கறேன். இதுல... மிஸஸ் க்ளெவன் வீட்டுல, ஞாயித்துக்கிழமைல மட்டும், வாடகைக்கு இருக்கிறவங்க விருந்தாளி ஒருத்தரைக் கூப்பிடலாம். பதினாலு வருஷத்துல நான் யாரையும் கூப்பிட்டதில்லே. இந்த ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிட வரணும். ஆறு மணிக்கு. இவ்வளவுதான் எழுதியிருக்கு.

— இந்தச் சின்னச் சீட்டுல இவ்வளவா?

— பொடியா எழுதியிருக்கேன்.

— அப்ப அந்த ஞாயித்துக்கிழமை காத்திருந்தீங்களா?

— காத்திருந்தேன்.

— சாப்பாடு ஆறிப்போயிருக்குமே.

— ஆறிப்போச்சு. நான் எதிர் நாற்காலியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அது மட்டும் நிஜம், மிஸ்டர் பரான்கோ. மத்தது எப்படியோ போகட்டும், அந்த நாற்காலி நிஜம்.

— நாளைக்கு ரயில்னு சொன்னீங்க.

— ரயில் தினமும்தான் போகுது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்தா தங்கச்சி கோவிச்சுக்க மாட்டா. மிஸஸ் க்ளெவன்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன், ஆறு மணிக்கு ரெண்டு தட்டு வைக்கணும்னு. என்ன, அந்தச் சீட்டைத் திரும்ப மடிக்கிறீங்க? ரிசீவர் கேட்டா, பட்டியல்ல அதை என்னன்னு எழுதறது?

— ஒரு டீச்சரம்மா குளிர்காலம் பூரா கரிக்குக் கூலியா எனக்கு எழுத்து கத்துக்குடுத்தாங்க, மிஸ் ஹோவ்லண்ட், அதனால இதுல சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லேன்னு எனக்குத் தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வந்துடறேன்.