ஹன்னா இருக்கும் இடத்தை அனுப்ப வைத்தது

பெயர் ஹபீபா பீவி, வயது 56. முகவரி: கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை பின்சந்து, ஜார்ஜ்டவுன். தொழில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. திரு. சுகுமாரனைக் கடைக்குள் அடைத்து வைத்ததாக அவர் கொடுத்த புகார் குறித்து நான் சொல்வது:

என் மகள் ஹன்னா தாதி. ஒரு நிவாரண அமைப்பின் சார்பில், போர் நடக்கும் நாட்டில் மருத்துவ முகாமில் வேலை செய்கிறாள். நாட்டின் பெயரை எழுத வேண்டாம். முகாம் இருக்கும் இடத்தைச் சண்டையிடும் இரு தரப்புக்கும் அமைப்பு எழுதித் தெரிவிக்கும், தெரிந்தால் அங்கே குண்டு போட மாட்டார்கள் என்று அவள் சேரும்போது சொன்னார்கள். அந்த வேலையைப் பார்ப்பவர் இங்குள்ள அலுவலகத்துச் சுகுமாரன்.

எட்டு நாளுக்கு முன் முகாம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறியது. அதன் பிறகு தினமும் சுகுமாரனுக்குப் போன் செய்தேன். ஒரு நாள்தான் எடுத்தார். "பாக்குறேன் அக்கா" என்றார்.

நேற்றுப் பகல் மூன்று மணிக்கு அவரே கடைக்கு வந்தார். ஹன்னாவைப் பற்றிப் பேசத்தான் என்று நினைத்து நாற்காலி போட்டேன். அமைப்பின் ஆண்டு விருந்துக்கு முந்நூறு பேருக்குச் சாப்பாடு சொல்ல வந்திருந்தார். கோழி பெரிய துண்டாக இருக்க வேண்டுமாம். அதன் பிறகு, "புது இடத்த அனுப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"டின்னர் முடியட்டும்லா அக்கா, ஒரே பிஸி. பழைய இடம் லிஸ்ட்ல இருக்குல்ல" என்றார்.

பழைய இடத்தில் இப்போது ஒரு ஆள்கூட இல்லை. ஹன்னா இருக்கும் பள்ளிக்கூடம் லிஸ்டில் இல்லை.

அதன் பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். அடிக்கவில்லை, அடிக்கக் கை வந்தது உண்மை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். போலீசுக்குப் போவேன் என்றார். "போ. அனுப்பிட்டுப் போ" என்றேன். அதன் பிறகு ஹன்னா அனுப்பியிருந்த இடக்குறிப்பை என் போனில் காட்டினேன், அவர் தன் போனிலேயே இரு தரப்புக்கும் இமெயில் அனுப்பினார். நான்கு நிமிடம் ஆனது. உடனே ஷட்டரைத் திறந்துவிட்டேன்.

ஒரு தரப்பிடமிருந்து கிடைத்ததாகப் பதில் வந்ததை அங்கேயே பார்த்தேன். மற்றவர்கள் பதில் போட்டார்களா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

செய்ததற்கு வருத்தமில்லை. என் போனை வழக்குப் பொருள் என்று எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஹன்னா கூப்பிட்டால் அதில்தான் கூப்பிடுவாள். இன்று காலை இந்த மேசையில் அது இரண்டு முறை அடித்தது. தொடக் கூடாது என்று என்னைத் தடுத்தீர்கள், நீங்களும் எடுக்கவில்லை. இதையும் எழுதுங்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அத்தனையும் நான் சொன்னது, நடந்தது. யாரும் வற்புறுத்தாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஹபீபா பீவி